வடக்குநாதர் வீதியில் 18,112 தாத்தாக்கள்

கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு நாள் கழித்து திருச்சூர் நகரமே தெருவுக்கு வருகிறது. சிவப்புச் சட்டை, பஞ்சுத் தாடி, தொப்பையாகக் கட்டிய தலையணை சகிதம்.

டிசம்பர் 27ந் தேதி பிற்பகலில் திருச்சூரில் ஆட்டோ கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் பிரயோசனமில்லை. நகரின் நடுவே உள்ள ஸ்வராஜ் ரவுண்டில் வண்டிகள் நிறுத்தப்பட்டுவிடும். பஸ்சிலிருந்து இறங்குகிறவர்களில் பலர் கையில் ஒரு துணிக்கடைப் பை இருக்கும். அதன் வாயிலிருந்து கொஞ்சம் சிவப்புத் துணியும் கொஞ்சம் பஞ்சும் எட்டிப்பார்க்கும். செயின்ட் தாமஸ் கல்லூரியை நெருங்க நெருங்கப் பை காலியாகி, ஆள் மாறிவிடுகிறார். பேங்க் குமாஸ்தா, நகைக்கடை சேல்ஸ்மேன், பாலிடெக்னிக் மாணவன், மூன்றாம் வகுப்புச் சிறுவன் எல்லோரும் ஒரே வயதாகிவிடுகிறார்கள். அறுபதுக்கு மேல் எதுவும் சொல்லலாம்.

"புவோன் நட்டாலே" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இத்தாலிய மொழியில் "கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்" என்று அர்த்தம். மலையாளத்தில் வாழ்த்துச் சொல்ல வார்த்தையா பஞ்சம் என்று கேட்கலாம். ரோமாபுரியைப் பார்த்து நிற்கிற கத்தோலிக்க மறைமாவட்டம் அது, ஆகவே இத்தாலி கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். திருச்சூர் மறைமாவட்டமும் ஊர்ப் பொதுமக்களும் சேர்ந்து 2013ல் தொடங்கிய ஊர்வலம் இது. அடுத்த ஆண்டே உலகப் புகழ். 2014 டிசம்பர் 27 அன்று 18,112 பேர் சாண்டா கிளாஸ் வேஷத்தில் கூடினார்கள் என்று கின்னஸ் புத்தகக்காரர்கள் எண்ணிச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதற்கு முன் அந்தப் பெருமை வட அயர்லாந்தின் டெரி நகரிடம் இருந்தது. அங்கே 2007ல் கூடியவர்கள் கிட்டத்தட்ட 13,000 பேர். குளிர் நாட்டுக்காரர்களின் தாத்தாவை, பகலில் 30 டிகிரிக்குக் குறையாமல் வெயில் அடிக்கிற ஊர் தட்டிக்கொண்டு வந்துவிட்டது.

கின்னஸ் கணக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் ஊர்வலம் நிற்கவில்லை என்பதே முக்கியம். சாதனைக்காக மட்டும் கூடுகிற கூட்டம் சான்றிதழை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். இந்தக் கூட்டம் திரும்பத் திரும்ப வருகிறது.

ஸ்வராஜ் ரவுண்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சுமார் 65 ஏக்கர் பரப்புள்ள தேக்கின்காடு மைதானம். அதன் நடுவே, நான்கு பக்கமும் கோபுர வாசல்களோடு வடக்குநாதர் கோயில். காலங்காலமாக நெய்யபிஷேகம் நடந்து, மூலவரே தெரியாதபடி நெய் மலையாகக் காட்சி தரும் சிவன். மைதானத்தைச் சுற்றி ஓடுகிற வட்டச் சாலைதான் ஸ்வராஜ் ரவுண்ட். போக்குவரத்து ஒருவழி. இடது பக்கமாகவே வண்டி ஓட்டும் நம் நாட்டில், வட்டச் சாலையில் கோயில் எப்போதும் வலது கைப் பக்கம்தான் இருக்கும். ஆக, திருச்சூரில் பால் வண்டியும் டவுன் பஸ்சும் கல்லூரி மாணவனின் மோட்டார் சைக்கிளும் தினமும் அறிந்தோ அறியாமலோ பிரதட்சணம் செய்துகொண்டிருக்கின்றன. டிசம்பர் 27 அன்று அதே வட்டத்தில்தான் சாண்டா கிளாஸ்கள் நடக்கிறார்கள்.

இந்த மைதானத்தை உண்டாக்கியவர் சக்தன் தம்புரான். 1790 முதல் 1805ல் இறக்கும் வரை கொச்சி ராஜ்ஜியத்தை ஆண்டவர். அடர்ந்த தேக்கங்காட்டை அவர் வெட்டித் திருத்தியபோது, இது சிவனுடைய சடை, வெட்டக்கூடாது என்று ஒரு வெளிச்சப்பாடு சாமியாடித் தடுத்தார் என்றும், தம்புரான் அவருடைய வாளைப் பிடுங்கி அங்கேயே தலையைக் கொய்துவிட்டார் என்றும் ஊரில் கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, கதை கேட்டால் ஆளின் சுபாவம் புரியும். பூரம் திருவிழாவை இன்றைய வடிவில் ஏற்படுத்தியதும் அவர்தான். வெளியூர்களிலிருந்து சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்களை அழைத்து வந்து, வியாபாரம் செய்யுங்கள் என்று கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியேற்றியதும் அவர்தான். அவர்கள் 52 குடும்பங்கள் என்பது ஊர் வழக்கு.

பக்தியைவிடக் கஜானாவைப் பற்றிய யோசனையே இதில் அதிகம் இருந்திருக்கும். ஆனால் பலன் இன்றுவரை தெரிகிறது. கேரளத்தின் தங்க நகை வியாபாரத்தில் திருச்சூருக்குத் தனி இடம். 1920ல் கத்தோலிக் சிரியன் பேங்க், 1927ல் தனலட்சுமி பேங்க், 1929ல் சவுத் இந்தியன் பேங்க் என்று ஒரே ஊரில், பத்து வருஷத்துக்குள் மூன்று வங்கிகள் பிறந்தன. பெயர்களைப் பார்த்தாலே யார் யார் பணம் போட்டார்கள் என்று ஓரளவு யூகிக்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருச்சூர் மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 24 சதவீதம், இந்துக்கள் 58, முஸ்லிம்கள் 17. புத்தன்பள்ளி என்று ஊரார் அழைக்கும் வியாகுல மாதா பசிலிக்காவின் கோபுரம் 260 அடி. நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் தெரியும்.

முசிறி என்று சங்கப் பாடல்களில் வருகிற துறைமுகம் இதே மாவட்டத்துக் கொடுங்கல்லூரை ஒட்டித்தான் இருந்தது என்பது பரவலான கருத்து. யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு போன அந்தத் துறையில்தான், கி.பி. 52ல் இயேசுவின் சீடர் தோமா வந்து இறங்கினார் என்பது கேரளக் கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அதாவது கிறிஸ்தவம் இங்கே வெள்ளைக்காரனோடு வந்த சரக்கல்ல. சாண்டா கிளாஸ் மட்டும்தான் இறக்குமதி.

அதிலும் சுற்றுவழி இறக்குமதி. இன்றைய துருக்கியில் உள்ள மிரா நகரின் பிஷப்பாக நான்காம் நூற்றாண்டில் இருந்தவர் செயின்ட் நிக்கலஸ். 1087ல் அவருடைய எலும்புகளை இத்தாலிய மாலுமிகள் பாரி நகருக்குக் கொண்டுபோனார்கள். அந்த வகையில் ஊர்வலத்தின் இத்தாலியப் பெயருக்கு ஏதோ ஒரு நியாயம் கிடைக்கிறது. அமெரிக்காவுக்குப் போன பிறகு கார்ட்டூன்காரர் தாமஸ் நாஸ்ட் அவருக்குத் தொப்பை வைத்தார். 1931 முதல் கோக-கோலா விளம்பரங்கள் சிவப்புக் கோட்டை ஊர் ஊராகக் கொண்டுபோயின. கேரளத்துக்கு வந்ததும் அவர் கிறிஸ்மஸ் அப்பூப்பன் ஆனார். கிறிஸ்மஸ் பாப்பா என்றும் சொல்வார்கள். தமிழ்க் காதுக்கு இது வேடிக்கை. அங்கே பாப்பா என்றால் தாடி வைத்த தாத்தா.

சிரியன் கிறிஸ்தவர்களின் வழிபாட்டில் இந்தத் தாத்தாவுக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனால் கேரளத்தின் கிராமத்துச் சிறுவர்களுக்கு அவரில்லாமல் டிசம்பர் கிடையாது. பள்ளி அரைப்பரீட்சை முடிகிற சமயம். ஒரு முகமூடி, வாடகைக்கு எடுத்த டிரம், தகரத் தட்டு, இரவல் சிவப்பு நைட்டி. இவ்வளவு போதும், கரோல் கோஷ்டி தயார். வீடு வீடாகப் போய் ஆடிப் பாடிக் காசு வசூலிப்பார்கள். கோஷ்டியில் யார் என்ன மதம் என்று யாரும் பார்ப்பதில்லை. இருப்பதிலேயே ஒல்லியான பையன்தான் பெரும்பாலும் தாத்தா. தலையணையை வயிற்றில் கட்டிக்கொண்டு மூன்று மைல் ஆடுவதற்குத் தெம்பு வேண்டுமே. புவோன் நட்டாலே, அந்தக் கரோல் கோஷ்டியின் விசுவரூபம். இத்தாலியப் பெயரையும் கின்னஸ் சான்றிதழையும் எடுத்துவிட்டுப் பார்த்தால், தகரத் தட்டு சத்தம் இப்போதும் கேட்கும்.

பூரத்தில் படித்த பாடம்

எத்தனையோ ஊர்களில் கிறிஸ்துமஸ் ஊர்வலம் நடக்கிறது. கல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட்டில் 2011 முதல் மாநில அரசே விழா எடுக்கிறது. கொச்சிக் கோட்டையில் 1984ல் தொடங்கிய கார்னிவல், டிசம்பர் 31 நள்ளிரவில் பாப்பாஞ்ஞி என்ற கிழவன் பொம்மையை எரித்து, புத்தாண்டு நாளில் ஊர்வலத்தோடு முடிகிறது. அது போன ஆண்டைக் கொளுத்துகிற சடங்கு, போர்ச்சுகீசியர் விட்டுப்போனது. தாடியைப் பார்த்துவிட்டுக் கிறிஸ்துமஸ் தாத்தாவை எரிக்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் பதறுவதுண்டு. 2022ல் வேறொரு பதற்றம். பொம்மையின் முகம் பிரதமர் மோடி மாதிரி இருக்கிறது என்று பாரதீய ஜனதாவினர் கிளர்ச்சி செய்ய, அவசரமாக முகத்தை மாற்றினார்கள்.

திருச்சூர்க்காரர்களுக்கு இருக்கிற தேர்ச்சி இவர்கள் யாருக்கும் கிடையாது. ஒரு வட்டத்தில் லட்சக்கணக்கான பேரை நிறுத்தி வைத்து வேடிக்கை காட்டுவது எப்படி என்பது இந்த ஊருக்கு இருநூறு வருஷப் பயிற்சி. சித்திரையில் பூரம். பாறமேக்காவு, திருவம்பாடி என்று இரண்டு கட்சி. கட்சிக்கு 15 யானை. ஒருவர் குடையை மாற்றினால் எதிர்க்கட்சி அதைவிட வண்ணமாக ஒன்றைத் தூக்கும். ஓணத்துக்கு நாலாம் நாள் புலிக்களி. விடியற்காலையிலிருந்து உடம்பெல்லாம் மஞ்சளும் கறுப்பும் பூசிக்கொண்ட ஆண்கள், வயிற்றிலேயே புலி முகத்தை வரைந்துகொண்டு, மாலையில் இதே ரவுண்டில் குலுக்கி ஆடுவார்கள். தொப்பை எவ்வளவு பெரிதோ அவ்வளவு மதிப்பு. புலிக்குத் தொப்பையை வளர்த்துவிட்ட ஊரில் சாண்டா கிளாசுக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

கிறிஸ்தவர்களுக்கும் தெரு புதிதல்ல. ஜனவரி பிறந்தால் திருச்சூர் வட்டாரத்துக் கோயில்களில் செபஸ்தியாரின் அம்புப் பெருநாள்கள் தொடங்கிவிடும். அம்பை வீடு வீடாக எடுத்துக்கொண்டு போவார்கள். முத்துக்குடை, செண்டை, பேண்ட் வாத்தியம், வாணவேடிக்கை என்று இரவெல்லாம் அமர்க்களம். குடையும் செண்டையும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனதா, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்ததா என்று விவாதித்துப் பயனில்லை. வாடகைக்கு விடுகிறவர் ஒருவரே.

அதனால் ஊர்வலத்தில் ஒரு கச்சிதம் இருக்கிறது. கல்லூரி வளாகத்திலிருந்து கிளம்பி, ரவுண்டைச் சுற்றி, மறுபடி கல்லூரிக்கே திரும்புகிறது. முன்னால் மதகுருக்கள், பிரமுகர்கள். பிரமுகர்களின் நடை கொஞ்சம் நேரம் பிடிக்கும், கூட்டம் பொறுத்துக்கொள்கிறது. பிறகு வெள்ளைச் சிறகு கட்டிய தேவதைகள். ஐந்து வயதுத் தேவதைக்கு ஒரு சிறகு மட்டும் சாய்ந்திருக்கும். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு அம்மா நடந்து வருவார். பங்குக் கோயில்கள் ஜோடித்து அனுப்பும் அலங்கார ஊர்திகள். மாட்டுத் தொழுவம், இடையர்கள், ஒட்டகத்தில் மூன்று ஞானிகள். அசையாமல் நிற்க வேண்டும் என்று சொல்லி ஏற்றிவிட்ட சூசையப்பர், தெரிந்த முகத்தைப் பார்த்ததும் கையசைத்துவிடுகிறார். அதற்குப் பின்னால் சிவப்பு வெள்ளம்.

அந்தக் கணத்தை எழுத்தில் பிடிப்பது சிரமம். சாலையின் வளைவில் முதலில் தொப்பிகள்தான் தெரிகின்றன. பாட்டு ஒலிபெருக்கியில் ஒலிக்க, ஒத்திகை பார்த்த ஒரே ஆட்டத்தை ஆயிரக்கணக்கான பேர் ஒன்றாக ஆடுகிறார்கள். கை மேலே, கை கீழே, ஒரு சுற்று. முதல் வரிசையில் தாளம் சுத்தம். பத்தாவது வரிசையில் அரை மாத்திரை பிந்துகிறது. ஐம்பதாவது வரிசையில் அவரவருக்குத் தெரிந்த ஆட்டம். சக்கர நாற்காலியில் வரும் சாண்டாக்களை நண்பர்கள் தாளத்துக்குத் தள்ளிச் சுழற்றுகிறார்கள். சறுக்குச் சக்கரம் கட்டிய சிறுவர்கள் இடைவெளிகளில் பாய்கிறார்கள். பொய்க்கால் கட்டிய நெட்டைச் சாண்டா, மின்கம்பி வருகிற இடத்தில் மட்டும் குனிந்து போகிறார்.

தாடிதான் எதிரி. வெல்வெட் துணி வியர்வையைக் குடித்துக் கனக்கிறது. பஞ்சு மூக்கில் புகுந்து தும்மல் வருகிறது. பாதி வழியில் பலரும் தாடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு மீசை தெரிய நடக்கிறார்கள். யாராவது படம் எடுக்கிறேன் என்றால் சட்டென்று தாடி மேலே ஏறும். ஓரத்தில் நிற்கும் பாட்டிகள், தாத்தாக்களுக்கு மோரும் எலுமிச்சை ஜூஸும் கொடுக்கிறார்கள். உறிஞ்சுகுழாயால் தாடிக்குள் துளை போட்டுக் குடிக்கும் வித்தையை அங்கேதான் கற்க வேண்டும்.

வேடிக்கை பார்ப்பவர்கள் கூட்டமே ஒரு தனிக் காட்சி. மைதானத்துப் புல்வெளியில் நேரத்தோடு துண்டு போட்டு இடம்பிடித்த குடும்பங்கள். கோயிலுக்குப் போய்விட்டு நெற்றியில் சந்தனத்தோடு அப்படியே நின்றுவிட்டவர்கள். தலையில் முக்காடிட்ட பெண்கள், தோளில் தூக்கிய குழந்தைகள். வேலை முடித்து வந்த வங்காள, அசாமியத் தொழிலாளர்கள். ஊரில் தமிழர்களும் தலைமுறை தலைமுறையாக உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து தங்கிவிட்ட பட்டர் குடும்பங்கள் முதல், கோவையிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் சந்தைக்குச் சரக்கு கொண்டுவருகிறவர்கள் வரை. சாண்டா யார் கையில் மிட்டாயைத் திணிக்கிறார் என்பதற்குக் கணக்கே இல்லை. குழந்தையா என்று மட்டும் பார்க்கிறார். சில சமயம் அதையும் பார்ப்பதில்லை.

25ந் தேதியே ஏன் நடத்தவில்லை என்று கேட்டால் பதில் எளிது. அன்று நள்ளிரவுப் பூசை, பிறகு அப்பமும் இறைச்சிக் குழம்பும், தூக்கம். 26 சம்பந்தி வீடு. 27ந் தேதிதான் கேக் தீர்ந்து, விருந்தாளி இன்னும் ஊருக்குப் போகாமல், வளைகுடாவிலிருந்து லீவில் வந்த மகன் போரடித்து உட்கார்ந்திருக்கிற நாள். ஊர்வலத்துக்கு இதைவிடத் தோதான நாள் கிடையாது. (கேக் என்றதும் ஒரு விஷயம். கேரளத்தின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கை 1883ல் தலச்சேரியில் சுட்டவர் மம்பள்ளி பாபு. ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி மாதிரிக்குக் கொடுத்த கேக்கைப் பார்த்துச் செய்தது. சுட்டவர் இந்து.)

குடிலை மறைக்கும் தொப்பை?

எல்லோருக்கும் இது பிடித்திருக்கிறது என்று சொல்ல முடியாது. மாட்டுத் தொழுவத்தில் பிறந்த ஏழைக் குழந்தையின் விழாவில் கோலா கம்பெனி விளம்பரத் தாத்தாவுக்கு என்ன வேலை என்று பக்திமான்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது. ஊர்தியில் குழந்தை இயேசு வரும்போது கூட்டத்தின் கண் பின்னால் வரும் பொய்க்கால் தாத்தா மேல்தான் இருக்கிறது. வியாபாரிகளுக்கு வேறு கவலை. ஒரு மாலை முழுவதும் ரவுண்ட் அடைபட்டால் நகரத்தின் ரத்த ஓட்டமே நின்ற மாதிரி. பூரத்துக்கும் புலிக்களிக்கும் அரசியல் கட்சிகளின் மகாநாட்டுக்கும் இதே அடைப்புதான் என்பதால் வெளியே சொல்ல முடிவதில்லை.

சபைக்குள்ளேயும் எல்லாம் ஆனந்தக் கூத்து இல்லை. பூசையின்போது குருவானவர் ஜனங்களைப் பார்த்து நிற்பதா, பீடத்தைப் பார்த்து நிற்பதா என்று சீரோ மலபார் சபையில் வருஷக்கணக்கில் நடந்த தகராறு 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் எர்ணாகுளம் செயின்ட் மேரீஸ் பசிலிக்காவில் கைகலப்பாக முடிந்தது. பீடத்துக்கு முன்னாலேயே தள்ளுமுள்ளு. அந்த ஆண்டு அங்கே கிறிஸ்துமஸ் பூசை நடக்கவில்லை. எர்ணாகுளத்திலிருந்து திருச்சூர் எழுபது கிலோமீட்டர் சொச்சம்தான். எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்ற பிரச்சினை வட்டச் சாலை ஊர்வலத்தில் எழுவதேயில்லை.

அரசியலும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. 2024 ஜனவரி 3ந் தேதி பிரதமர் மோடி பேசியது இதே தேக்கின்காடு மைதானத்தில். அதே மாதம் நடிகர் சுரேஷ் கோபி, தன் மகளின் திருமணத்தை ஒட்டி, திருச்சூர் லூர்து மாதா தேவாலயத்துக்குக் கிரீடம் காணிக்கை செய்தார். கிரீடத்தில் எத்தனை தங்கம், எத்தனை செம்பு என்று ஊரே உரசிப் பார்த்தது. நகைக்கடை ஊரில் அதைத் தவிர்க்க முடியாது. ஜூனில் அவர் 74,000க்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து, கேரளத்திலிருந்து மக்களவைக்குப் போன முதல் பாரதீய ஜனதா எம்.பி. ஆனார். கிறிஸ்தவர்களின் ஓட்டில் ஒரு பகுதி இல்லாமல் அது நடந்திருக்காது என்பதே பொதுவான கணிப்பு. அந்த ஏப்ரலில் போலீஸ் கெடுபிடியால் பூரமே தடுமாறி, அது தேர்தல் விஷயமாக வெடித்ததும் இதே ரவுண்டில்தான்.

அதே 2024 டிசம்பரில் நடந்தவை சந்தோஷமானவை அல்ல. தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டம் நல்லேப்பிள்ளியில், அரசுப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் கிறிஸ்துமஸ் கொண்டாடியபோது உள்ளே வந்து ஆசிரியர்களை மிரட்டியதாக விசுவ இந்து பரிஷத்தைச் சேர்ந்த 3 பேர் கைதானார்கள். ஆசிரியைகள் சிவப்பு உடை அணிந்ததே குற்றமாகிவிட்டது. மறுநாளே இளைஞர் அமைப்புகள் பள்ளிக்கு எதிரில் கரோல் பாடி எதிர்ப்புக் காட்டின. 24ந் தேதி திருச்சூர் மாவட்டத்துக்குள்ளேயே, தோமா நிறுவியதாக நம்பப்படும் பாலயூர் தேவாலயத்தில், ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை என்று போலீஸ் தடுத்ததில் கரோல் நின்றுபோனது. வடக்கே நிலைமை இன்னும் கடுமை. 2017 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சத்னாவில் கிராமத்துக்குக் கரோல் பாடப் போன 30 குருமாணவர்களும் பாதிரியார்களும் மதமாற்றப் புகாரின் பேரில் போலீஸ் நிலையத்தில் உட்கார வைக்கப்பட்டார்கள். பார்க்கப் போன பாதிரியார்களின் காரை வெளியே கொளுத்தினார்கள்.

சத்னாவில் தகரத் தட்டு தட்டிப் பாடுவது புகாருக்குரிய விஷயம். வடக்குநாதரின் வீதியில் அதையே பதினெட்டாயிரம் பேர் செய்தால் போக்குவரத்துப் பிரச்சினை மட்டும்தான். இரண்டும் ஒரே நாடு, ஒரே டிசம்பர் மாதம். திருச்சூர் மக்கள் விசேஷமான நல்லவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. தெருவை முறைவைத்துப் பங்குபோட்டுக்கொள்ளப் பழகியவர்கள். சித்திரையில் யானை, ஓணத்தில் புலி, மார்கழியில் தாத்தா. ஒருவர் முறை முடிந்தால் அடுத்தவர் முறை வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பழக்கம் ஒரு தேர்தலில், ஒரு மிரட்டலில் கெட்டுவிடாது என்று நம்பலாம், ஆனால் உத்தரவாதம் கொடுக்க முடியாது. தாத்தா வேஷம் போட ஆயிரக்கணக்கானவர்கள் வருவதைவிட, வேஷம் போடாமல் ஓரத்தில் நிற்கிறவர்கள் யார் யார் என்பதைத்தான் ஒவ்வொரு ஆண்டும் கவனிக்க வேண்டியிருக்கிறது. சந்தனப் பொட்டும் முக்காடும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறவரை விழா ஊருடையது.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இரண்டொரு தகவல். கோவையிலிருந்து ரயிலில் இரண்டு மூன்று மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து ரவுண்டுக்கு நடந்தே போய்விடலாம், அன்றைக்கு வேறு வழியும் இல்லை. கிறிஸ்துமஸ் லீவு முடியாத நாளாகையால் திரும்பி வர டிக்கெட்டை முதலிலேயே எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். வெயில் தாழ்வதற்குள் போய் மைதானத்துப் பக்கம் இடம் பிடித்தால் நல்லது. கடை வாசல்களில் நின்றால் முன்னால் நிற்பவரின் தோளில் உள்ள குழந்தைதான் தெரியும். நடுவிலால் ஆலமரத்தருகே நின்றால் வளைந்து வருகிற வரிசையை முழுசாகப் பார்க்கலாம். சிவப்புத் தொப்பி அங்கேயே தெருவோரத்தில் விற்கிறது. தாடியும் கிடைக்கும். பேரம் பேசலாம்.

இருட்டிய பிறகு ஊர்திகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. தாத்தாக்கள் தட்டுக்கடையில் வரிசையாக உட்கார்ந்து பரோட்டா தின்கிறார்கள், தாடிகள் பெஞ்சில் குவிந்து கிடக்கின்றன. பத்து மணிக்குமேல் முதல் பஸ் ரவுண்டுக்குள் நுழைகிறது. ஜன்னலோர சீட்டில் தொப்பியோடு ஒரு சிறுவன் தூங்கிக்கொண்டிருக்க, கண்டக்டர் அவனுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா என்று அப்பாவோடு வாதாடிக்கொண்டிருக்கிறார்.